செத்த பூனைக்குப் பல் கட்டின கதை

வாயை இன்னும் கொஞ்சம் திறங்க அண்ணாச்சி. இன்னும். பயப்படாதிய, உள்ள விழுந்துர மாட்டேன். கடையில உக்காந்து எவர்சில்வர் அண்டாவுக்கு விலை சொல்லும்போது எம்புட்டுப் பெருசாத் திறக்கிய, இங்க வந்தா மட்டும் புதுப்பொண்ணு கணக்கா வெக்கப்படுதிய. ஆங், அப்படித்தான். அப்படியே இருங்க. பேசக்கூடாது, கேட்டியளா? பேசினா இது நாக்குல பட்டுரும். அப்புறம் பல் டாக்டர் ஆவுடையப்பன் நாக்கைக் கிழிச்சுட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவிய. எனக்கு ஏற்கெனவே வீட்ல கிடைக்கிற ஏச்சு போதும்.

புஷ்பம், மணி சொல்லாத. நான் கேட்டனா? நான் கேக்கும்போது சொல்லு.

பாத்தியளா அண்ணாச்சி? இந்த மரியபுஷ்பம் எங்கிட்ட வேலைக்குச் சேந்த நாள்லேருந்து ஒருநாள் மணி பாத்து வந்தவ கிடையாது. இன்னைக்குக் காலையிலேருந்து பெரிய கோயில் கடிகாரம் மாதிரி நேரத்துக்கு நேரம் அடிச்சுக்கிட்டிருக்கா. என்னன்னா, எம் மவ கோமு இன்னைக்குச் சாயந்திரம் மெட்ராஸ் வண்டியில போறா. அங்கேருந்து வேற வண்டி பிடிச்சு வடக்கே. மேல்படிப்பு. தோப்பனார் டேசனுக்குப் போய் ஜன்னல் பக்கத்துல நின்னு, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்து, கையை ஆட்டணுமாம். எம் பொஞ்சாதி பகவதி காலையில ஒரு தடவை சொன்னா, மத்தியானம் போன்ல ஒரு தடவை சொன்னா. நான் சொல்லிட்டேன், எனக்கு நோயாளி இருக்கு, முடியாதுன்னு. வாயைத் திறந்துக்கிட்டு ஒரு மனுஷன் படுத்திருக்கும்போது அம்போன்னு விட்டுட்டுப் போக முடியுமா? நீங்களே சொல்லுங்க. சொல்லாதிய, திறந்தே வைங்க.

நிசத்தைச் சொன்னா எனக்கும் எம் மவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எதுனாலன்னு கேட்டா சிரிப்பிய. ஒரு பூனையால. அதுவும் உயிரோட இருக்கிற பூனைன்னாக்கூடப் பரவாயில்ல. செத்துப்போன பூனை. அதுலயும் முழுப் பூனை இல்ல, மண்டையோடு மட்டும்.

என்ன சத்தம் குடுக்கிய? வலிக்கா? வலிக்காது, கூசும். பொறுத்துக்கிடுங்க. உங்க இடது பக்கத்துப் பல்லுல காறை ஏறியிருக்கு பாருங்க, கோயில் தெப்பக்குளத்துப் படிக்கட்டு தோத்துரும்.

சரி, மொதல்லேருந்து சொல்லுதேன். கோமு பிளஸ் டூ முடிச்சா. மார்க்குன்னா மார்க்கு அப்படி ஒரு மார்க்கு. பல் மருத்துவத்துக்கு சீட்டு கிடைச்சிட்டு. நான் என்ன செய்தேன்? ஒரு தோப்பன் செய்ய வேண்டியதைத்தான் செய்தேன். வாசல்ல என் பேரு இருக்குல்லா, அதுக்குக் கீழ இடம் விட்டு 'டாக்டர் ஆ. கோமதி'ன்னு எழுதிப்போட பெயிண்டர்ட்டச் சொல்லிட்டேன். அந்த மனுஷன் எழுதியும் முடிச்சிட்டான். அன்னைக்குச் சாயந்திரம் பிள்ள வந்து நிதானமா சொல்லுதா: "அப்பா, எனக்குப் பல்லு வேண்டாம். விலங்கியல் படிக்கப் போறேன்." விலங்கியல்! நான் சொன்னேன், அம்மா, நீ விலங்கைப் பாக்கணும்னா நம்ம கிளினிக்குக்கு வா, சனிக்கிழமை சாயந்திரம் வர்ற கூட்டத்துல எல்லா வகையும் இருக்கும்னு. சிரிக்கல. பாளையங்கோட்டையில போய்ச் சேந்துட்டா. பெயிண்டர் மறுபடி வந்து அந்த வரியை வெள்ளையடிச்சான். நல்லா உத்துப்பாத்தா இன்னும் தெரியும்.

போகட்டும். படிச்சா. லீவுக்கு வருவா, போவா. வரும்போதெல்லாம் பையில ஒரு எலும்பு இருக்கும். மத்த வீட்டுப் பிள்ளைய காலேஜ்லேருந்து அல்வா வாங்கிட்டு வரும். எங்க வீட்டுப் பிள்ள கோழிக்கால் எலும்பைக் கழுவிக் காயப்போடும். பகவதி சாம்பிராணி போட்டுப்போட்டு, எங்க தெருவுல எல்லாரும் எங்க வீட்ல தினமும் விசேஷம்னு நினைச்சுக்கிட்டாங்க.

எங்க வீட்ல ஒரு பூனை இருந்துச்சு. பேரு போளி. கடம்பூர் போளி நிறத்துல இருக்கும், அதான் அந்தப் பேரு. கோமு சின்னப்பிள்ளையா இருக்கும்போது சாக்கடையிலேருந்து தூக்கிட்டு வந்தது. எனக்கும் அதுக்கும் பெரிய உறவு ஒண்ணும் கிடையாது, பாத்துக்கிடுங்க. நான் சாப்பிட உக்காந்தா என் நாற்காலிக்குக் கீழ வந்து உக்காரும். மீன் முள்ளைப் போட்டா தின்னும். கடைசி காலத்துல அதுகூடத் தின்னாது. மோந்து பாக்கும், ஒரு பக்கமாத் தலையைச் சாச்சு கொஞ்சம் கடிக்கும், கீழ போட்டுரும். நான் ஏசுவேன், "கொழுப்பைப் பாரு, வஞ்சிரம் கேக்குது சவம்"னு. போன வருஷம் ஒருநாள் வயசாகிச் செத்துப்போச்சு.

கோமு என்ன செய்தா தெரியுமா? பூனை செத்தா மத்தவ அழுவா. இவளும் அழுதா, இல்லைன்னு சொல்லல. அழுது முடிச்சு, பின்னால செம்பருத்திச் செடிக்குப் பக்கத்துல புதைச்சா. மாசக்கணக்குல விட்டு, தோண்டி, தலையை மட்டும் எடுத்து மொட்டை மாடியில ஒரு வாளித் தண்ணியில ஊறப்போட்டா. அந்த நாத்தம் இருக்கே அண்ணாச்சி... நான் எத்தனையோ வாயைப் பாத்தவன். எத்தனையோ சொத்தைக்குள்ள மூக்கை வச்சவன். அந்த வாளியைத் தாண்ட முடியல. தண்ணி மாத்த மாத்த அதுவும் அடங்கிட்டு. கடைசியில மண்டையோடு வெள்ளையா வந்துச்சு, சங்கு மாதிரி. ஆனா பல்லு பூராவும் கழண்டு வந்துட்டு.

அது இயற்கைதான். பல்லை எலும்போட பிடிச்சு வச்சிருக்கிற சதை அழுகிட்டா, பல்லு எதைப் பிடிச்சு நிக்கும்? தண்ணியைக் கொட்டும்போது டீ வடிகட்டியை வச்சு வடிகட்டி, எல்லாப் பல்லையும் எடுத்துட்டா. ஆமா, எங்க வீட்டு டீ வடிகட்டிதான். அதுக்கப்புறம் எனக்கு டீயே இறங்கல. பூனைக்கு முன்பல்லு எம்புட்டு இருக்கும்னு நினைக்கிய? நொய்யரிசி. அதை இடுக்கியில பிடிச்சு, அது எந்தக் குழியிலேருந்து வந்துச்சோ அந்தக் குழியிலேயே திரும்ப வைக்கணும். எங்க தப்பா வச்சாலும் சரியா உக்காராது, ஆடும். இவ தண்ணி கலந்த வெள்ளைப் பசையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டிருந்தா. ஒரு பல்லுக்கு ஒரு சாயங்காலம். தட்டுல ஒரு துணி, துணியில பல்லு, பக்கத்துல இவ. சோறு தண்ணி கிடையாது.

எதுக்கு இம்புட்டுப் பாடுன்னா, இப்ப மேல்படிப்புக்குப் போறாளே, அந்த வடக்கத்தி நிறுவனத்துல நேர்காணல். தன் கையால செஞ்ச ஒரு வேலையைக் கொண்டுவந்து காட்டணுமாம். அதை வச்சுத்தான் எடுப்பாங்களாம். இவ இந்த மண்டையோட்டை எடுத்துக்கிட்டா.

நான் ஓரமா நின்னு பாத்தேன் அண்ணாச்சி. எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு. காலமெல்லாம் பல்லு வைக்கிறதே சோலியா இருக்கிறவன் வீட்ல, ஒரு பிள்ள பள்ளிக்கூடத்துப் பசையை வச்சுப் பல்லு ஒட்டுது. பூக்கடைக்காரன் வீட்ல பிளாஸ்டிக் மாலை போட்ட மாதிரி இல்ல? "அம்மா, குடு, நான் வைக்கேன்"னு கேட்டேன். "வேண்டாம்பா, நானே செய்யணும்"னுட்டா. அதோட விடுதாளா? "நீங்க அழகு பண்ணிருவீங்க"ங்கா. அழகு பண்ணுறது ஒரு குத்தமாம்! கேட்டுக்கிடுங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை அவ புரொபசர் வீட்ல போய் ஏதோ சர்டிபிகேட் வாங்கணும்னு பாளையங்கோட்டை போனா. மறுநா ராத்திரி நேர்காணலுக்கு வண்டி. பாதிப் பல்லு இன்னும் வைக்காமக் கிடக்கு. எனக்குப் பொறுக்கல. பிள்ள திணறுதேன்னு ஒரு பாசம்தான், வேற என்ன? மண்டையோட்டையும் பல்லையும் எடுத்து ஒரு டப்பாவுல வச்சு இங்க கொண்டுவந்துட்டேன். இதே நாற்காலி. நீங்க தலை வச்சிருக்கிற இடத்துலதான் போளி தலை இருந்துச்சு. அசையாதிய, துடைச்சாச்சு.

புஷ்பத்தையும் வரச்சொன்னேன். வந்து பாத்துட்டு, "டாக்டர், இதுக்கு டோக்கன் போடணுமா?"ன்னு கேட்டா. வாய்த்துடுக்கு. ஆனா லைட்டைச் சரியாப் பிடிச்சா, அதையும் சொல்லணும்.

அன்னைக்குப் பாத்த வேலை மாதிரி நான் என் ஆயுசுல பாத்ததில்ல. பொய் சொல்லல. பேசாத நோயாளி, எச்சி துப்பாத நோயாளி, நடுவுல போன் எடுத்து "ஆங், டாக்டர்ட்ட இருக்கேன்"னு கத்தாத நோயாளி. மொதல்ல அவ ஒட்டுனதை வெந்நீர்ல ஊறவச்சுக் கழட்டினேன். பொலபொலன்னு வந்துட்டு. நான் சிரிச்சேன், இதுதான் விலங்கியல் பசையான்னு. அப்புறம் நம்ம சிமெண்டு. நொய்யரிசிப் பல்லை ஒண்ணொண்ணா எடுத்து வரிசை கட்டினேன், கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஒரே மட்டமா.

மேல ஒரு கோரைப்பல்லு நுனி உடைஞ்சிருந்துச்சு. சும்மா விட மனசு வருமா? உங்க வீட்டுக்கு வர்ற மருமவளுக்குச் செய்யுற மாதிரி நிறம் பாத்து, பல் மாவு குழைச்சு, நுனி கட்டி, நீல லைட் காட்டி இறுக்கிட்டேன். இடது பக்கம் காறை. உங்களுக்கு இருக்கிற மாதிரியே. சுரண்டிச் சுத்தமாக்கிட்டேன். வலது பக்கத்துப் பல்லு பூராவும் தேஞ்சு மொண்ணையா இருந்துச்சு, இடது பக்கம் கூர்மையா இருந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லைன்னா பாக்க நல்லாவா இருக்கும்? இடது பக்கத்தையும் லேசா ராவி ரெண்டையும் சமமாக்கினேன்.

எல்லாம் வச்சு முடிச்சுப் பாத்தா, கீழ்த்தாடையில இடது பக்கம் கடைவாய்ப்பல்லு ஒண்ணு இல்ல. தட்டுல தேடுதேன், துணியில தேடுதேன், புஷ்பம் தரையில தவழுதா. இல்லவே இல்ல. வடிகட்டியில தவறவிட்டுட்டா, கவனம் பத்தாதுன்னு நினைச்சேன். வைக்கலாம்னா குழியையும் காணோம். அந்த இடம் மழமழன்னு மூடிக்கிடக்கு. சரி, அவ பசைதான் அடைச்சிருக்கும்போலன்னு டிரில்லை எடுத்து ஒரு குழி போட்டேன். பல்லுக்கு என்ன செய்ய? பல்செட்டுக்கு வாங்கி வச்சிருக்கிற டப்பாவைத் திறந்தேன். பொம்பளையாளுக்கு வைக்கிற சின்ன சைஸ்ல ஒரு பல்லை எடுத்தேன். ராவி, முனை வச்சு, பூனைப் பல்லு மாதிரியே ஆக்கி உக்கார வச்சுட்டேன். யாரு கண்டுபிடிப்பா? சவால் விட்டுச் சொல்லுதேன், போளியே வந்தாலும் கண்டுபிடிக்காது.

பாலிஷ் போட்டு லைட்ல பிடிச்சுப் பாத்தேன். ஏ அப்பா! சிரிக்குது. போளி உயிரோட இருந்தப்பக்கூட அப்படிச் சிரிச்சதில்ல. விளம்பரத்துக்கு அனுப்பலாம்.

உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன அண்ணாச்சி, அன்னைக்கு எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. வேலை பாக்கும்போதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் மனசுல ஓடுச்சு. அவ வந்து பாப்பா. பாத்துட்டு, "எப்படிப்பா இது? எனக்கும் சொல்லிக் குடுங்கப்பா"ன்னு கேப்பா. கிளினிக்ல வந்து உக்காரச் சொல்லல. சும்மா ஒரு வார்த்தை கேக்கட்டும்னுதான் இருந்துச்சு. அந்த ஆசைகூட இருக்கக்கூடாதா ஒரு தோப்பனுக்கு?

வந்தா. சாப்பாட்டு மேசையில ஒரு தட்டுல வச்சு, பகவதியோட நகைப்பெட்டித் துணியைப் போட்டு மூடி வச்சிருந்தேன். "திறந்து பாரு"ன்னேன். திறந்தா.

நாற்காலியில உக்காந்துட்டா. மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்கா. இடது தாடையை விரலால தடவுதா. நான் இன்னும் சிரிச்சுக்கிட்டே நிக்கேன், கூறுகெட்டவன். பைய கேட்டா, "அப்பா, இங்க குழி இருந்துச்சா?"

"அடைச்சிருந்துச்சும்மா, நான் திறந்துட்டேன்."

"அடைக்கலப்பா. மூடியிருந்துச்சு. போளி உயிரோட இருக்கும்போதே அந்தப் பல்லு உடைஞ்சு, சீழ் வச்சு, விழுந்து, எலும்பு வளந்து மூடியிருக்கு. அதைக் காட்டத்தான் நான் இதையே எடுத்தேன்."

அப்புறம் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சா. வலது பக்கம் தேஞ்சிருந்தது ஏன்? இடது பக்கம் வலிச்சதால அது வலது பக்கமே மென்னிருக்கு. இடது பக்கம் காறை ஏறினது ஏன்? அந்தப் பக்கம் மெல்லவே இல்ல. கோரைப்பல்லு உடைஞ்சது எந்த வயசுல, திங்கும்போது தலையைச் சாச்சது எதுனால, எல்லாம் சொல்லுதா. நான் காறையைச் சுரண்டிட்டேன், தேய்மானத்தை ராவிட்டேன், குழியைத் தோண்டிட்டேன். "அது பட்ட பாடெல்லாம் இதுல எழுதியிருந்துச்சுப்பா. எல்லாத்தையும் அழிச்சுட்டீங்க"ன்னா.

எனக்குக் கோவம் வந்துட்டு. வராதா பின்ன? எனக்கே பாடம் நடத்துதா. எலும்பு மூடுறதும் ஒரு பக்கமா மெல்லுறதும் எனக்குத் தெரியாதா? மனுஷன்னா வாசல்ல நடந்து வரும்போதே நான் சொல்லிருவேன், எந்தப் பக்கம் சொத்தைன்னு. நீங்க உள்ள நுழையும்போதே சொன்னேனா இல்லையா? செத்த பூனைகிட்டயும் போய், உனக்கு எங்க வலிச்சுதுன்னா கேப்பாங்க?

அதுக்கு அவ சொன்னா, "செத்ததுகிட்டக் கேக்க வேண்டாம்பா. உயிரோட இருக்கும்போது தினமும் உங்க நாற்காலிக்குக் கீழதான கெடந்துச்சு."

நான் சொன்னேன், "அது வாயைத் திறந்து சொன்னாத்தான தெரியும்?"

பகவதி அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்து, "ஆமா, பூனை வந்து டாக்டர் டாக்டர்னு கூப்பிட்டிருக்கணும்"னா. அவளுக்கு எப்பவும் கட்சி அந்தப் பக்கம்தான்.

கோமு மண்டையோட்டைத் தூக்கிட்டுப் போய் வெந்நீர்ல போட்டா. கழட்டிரலாம்னு நினைச்சா, பாவம். ராத்திரி முழுக்க அடுப்புல வச்சுப் பாத்தா. கழருமா? யாரு வச்ச பல்லு? இந்த ஊர்ல நான் வச்ச பல்லோட வேகாத கறியைத் தின்னுக்கிட்டு எத்தனை பேரு திரியுதாங்க. வெந்நீருக்கு அசையுற சிமெண்டா அது? ஒண்ணுகூட ஆடல. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமைதான். வெளிய காட்டிக்கிடல. காலையில எந்திச்சு வந்தா அவ கண்ணு ரெண்டும் வீங்கிக் கிடக்கு. அதோட எங்கிட்டப் பேசுறதை நிறுத்திட்டா. நானும் நிறுத்திட்டேன். எனக்கு மட்டும் ரோசம் இல்லையா?

அன்னைக்கு ராத்திரி வேற வழியில்லாம அதையே எடுத்துக்கிட்டு வண்டியேறிட்டா.

துப்பிக்கிடுங்க அண்ணாச்சி. கொப்புளிங்க. மறுபடி சாஞ்சுக்கிடுங்க. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. என்ன, போகணுமா? கடையை ஒண்ணும் யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாங்க. படுங்க. திறங்க.

நேர்காணல்ல நடந்ததைப் பகவதிதான் சொன்னா. அவகிட்டப் பிள்ள எல்லாம் சொல்லும், எங்கிட்டத்தான் சொல்லாது. அங்க உக்காந்திருந்த பெரிய மேதைய மண்டையோட்டைக் கையில எடுத்தாங்களாம். ஒருத்தர் கண்ணாடியை ஏத்திப் பாத்தாராம். "இது யாரு செஞ்சது?"ன்னு கேட்டாராம். இவ மறைக்கல. "எங்க அப்பா. பல் டாக்டர்"ன்னாளாம். எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம். சிரிச்சு முடிச்சு, "சரி, இதுல எது பூனை, எது உங்க அப்பான்னு சொல்லு"ன்னாங்களாம்.

சொல்லிட்டா அண்ணாச்சி. ஒவ்வொரு பல்லா. இது தேஞ்சு இருந்துச்சு, இம்புட்டு தேஞ்சிருந்துச்சு. இது பொய்ப்பல்லு. இது ராவினது. இந்த நுனி மாவு. இங்க எலும்பு இப்படி மூடியிருந்துச்சு, அதை நான் விரல்ல தடவிப் பாத்திருக்கேன். எதையும் பாத்துப் படிக்கல, எல்லாம் மனப்பாடம். அது இருந்த இருப்பு, அது சாப்பிட்ட விதம், எந்த வயசுலேருந்து வலிச்சிருக்கும்ங்கிறது வரைக்கும். மத்தப் பிள்ளைய அழகழகா மண்டையோடு கொண்டுவந்து எலும்புப் பேரை மட்டும் ஒப்பிச்சுச்சாம். இவளுக்கு அங்கேயே சீட்டு.

இப்ப நீங்க சொல்லுங்க. யாரால கிடைச்சுது? நான் கை வைக்கலைன்னா, அவ கொண்டுபோனது நூத்துல ஒரு மண்டையோடு. நன்றி வேண்டாம். ஒரு வார்த்தை? ம்ஹூம். அந்தப் பெரியவர் சொன்னாராம், "உங்க அப்பாவுக்குக் கை ரொம்ப சுத்தம். ஆனா கண்ணு பூனையைப் பாக்கவே இல்ல"ன்னு. கை சுத்தம்னு வடக்க வரைக்கும் பேரு போயிருக்கு, பாத்துக்கிடுங்க. மிச்சத்தை விடுங்க, பெரிய மனுஷங்க ஏதாவது சொல்லுவாங்க.

அவங்ககிட்டேயிருந்து உறுதியா சேதி வந்த அன்னைக்கு நான் ஹால்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். படிச்சுக்கிட்டிருந்தேன்னா, பிடிச்சுக்கிட்டிருந்தேன். கோமு போனைக் கீழ போட்டுட்டு அம்மாவைக் கட்டிப்பிடிச்சுக் குதிக்கா. தலையைப் பின்னால சாச்சு வாய் நிறைய சிரிக்கா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு. நானும் எந்திச்சிருப்பேன். "சபாஷ்"னு சொல்லியிருப்பேன். பேப்பரை மடிக்கக்கூடச் செய்துட்டேன்.

அப்பத்தான் பாத்தேன். கீழ, இடது பக்கம், பின்கடைவாய்ப்பல்லு. அடைச்சிருக்கு.

நான் அடைச்சதில்ல அண்ணாச்சி. எம் மவ வாயில இருக்கிற எல்லாப் பல்லும் எனக்குத் தெரியும். பால்பல்லு பூராவும் நான் பிடுங்கினது. அந்தப் பல்லு முளைச்சு வரும்போது விரலை விட்டுத் தொட்டுப் பாத்து, பகவதியைக் கூப்பிட்டுக் காட்டினவன் நான். அதுல வேற எவனோ வேலை பாத்திருக்கான்.

நல்ல வேலைதான். அதைச் சொல்லிரணும். ஓரம் சுத்தமா இருக்கு, நிறம் ஒட்டியிருக்கு. பாளையங்கோட்டையில எவனோ சின்னப்பயலா இருப்பான், இப்பதான் படிச்சு முடிச்சிருப்பான். ஆனா பெரிய அடைப்பு. அம்புட்டுப் பெருசா அடைக்கணும்னா சொத்தை ஆழமாப் போயிருக்கணும். அந்த ஆழத்துக்குப் போன பல்லு சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். தண்ணி குடிச்சா வலிக்கும், படுத்தா வலிக்கும், காது வரைக்கும் இழுக்கும். வாரக்கணக்குல வலிச்சிருக்கும். அதுக்குள்ள எத்தனை தடவை லீவுக்கு வந்திருப்பா? எதுத்தாப்ல உக்காந்து முறுக்கு தின்னிருப்பா. நான் பேசிக்கிட்டே இருந்திருப்பேன், விலங்கியலைக் கேலி பண்ணிக்கிட்டு. பல் டாக்டர் வீட்டுப் பிள்ள, பஸ் பிடிச்சுப் போய், டோக்கன் வாங்கி, எவன் முன்னாலயோ வாயைத் திறந்திருக்கா. துணைக்கு யாரு போனாங்களோ.

பகவதிகிட்டக் கேக்கல. அவளுக்குத் தெரிஞ்சிருந்தா அது ஒரு வேதனை. தெரியாம இருந்தா அது இன்னும் பெரிய வேதனை. மடிச்ச பேப்பரைத் திரும்ப விரிச்சுக்கிட்டேன். சபாஷும் சொல்லல. எனக்கு என்னமோ பூனைக்காகத்தான் கோவம்னு வீட்ல எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. நினைச்சுட்டுப் போகட்டும்.

புஷ்பம், இப்ப மணி என்ன? ஏன் முழிக்க? கேக்காதப்பெல்லாம் சொன்ன, இப்பச் சொல்லுததுக்கு என்ன?

வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு.

அண்ணாச்சி, வாயை மூடிக்கிடுங்க. உங்க பல்லு அப்பமே முடிஞ்சிட்டு. காறை எடுக்க எம்புட்டு நேரம் ஆகும்? சும்மாதான் திறந்து வச்சிருந்தேன். ஏசணும்னா நாளைக்கு வந்து நல்லா ஏசிக்கிடுங்க, நான் இங்கேயேதான் இருப்பேன். உங்க ஸ்கூட்டர் வெளிய நிக்குல்லா? என்னைக் கொஞ்சம் டேசன்ல விட்டுருங்க. பேசுறதுக்கு ஒண்ணும் கிடையாது எங்கிட்ட. அந்தப் பல்லு இப்ப வலிக்கலையேன்னு மட்டும் கேக்கணும்.